கர்நாடக வயலினில் இருந்து வயோலாவுக்கு: பல்கலைக்கழகப் படிப்புக்குத் தர்மபுரியில் இருந்தே தயாராக முடியுமா?

பாலக்கோடு_ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். தங்கை ப்ளஸ் ஒன், தர்மபுரி. ஏழு வருடமாகக் கர்நாடக வயலின். வர்ணம், கீர்த்தனை தடங்கல் இல்லாமல் வரும். ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு) சுத்தமாகத் தெரியாது. ப்ளஸ் டூ முடித்ததும் வெளிநாட்டில் மேற்கத்திய இசைப் பட்டப்படிப்பு, அதுவும் வயலினில் வேண்டாம், வயோலாதான் (வயலின் மாதிரியே, கொஞ்சம் பெரிசு, சுருதி கீழே) என்கிறாள். உயரம் 5 அடி 1 அங்குலம்.

என்ன அளவு வயோலா வாங்குவது? இருக்கிற வயலினையே மாற்றிப் பழகலாமா? கர்நாடகப் பயிற்சியில் எது கைகொடுக்கும், எதை விட வேண்டியிருக்கும்? நுழைவுத் தேர்வில் என்ன வாசிக்கச் சொல்வார்கள்? இங்கே கடையில் கேட்டால், வயோலாவா என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு வயலினையே எடுத்து வைக்கிறார்கள்.

ஓசூர்_ஆல்டோ:

வாத்தியத்தை இப்போதே வாங்காதீங்க சார். அளவு முடிவாகாமல் வாங்கினால் கையும் கெடும், காசும் போகும்.

வயலினில் ஃபுல் சைஸ் என்றால் உடல் 14 அங்குலம், அதோடு பேச்சு முடிந்தது. வயோலாவில் அப்படி ஒரே அளவு கிடையாது. பெரியவர்கள் வாசிப்பது 15, 15½, 16, 16½ என்று போகும். இது கழுத்தைச் சேர்க்காமல் உடலை மட்டும் அளந்த நீளம். காரணம் இதுதான்: வயோலாவின் சுருதி வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே. அதே விகிதத்தில் உடலையும் பெரிதாக்கினால் 21 அங்குலம் வர வேண்டும். அதைத் தோளில் வைத்து வாசிக்க யாராலும் ஆகாது. அதனால் எந்த வயோலாவும் ஒரு சமரசம்தான். சி கம்பி கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி ஒலிப்பதும் இதனால்தான். பெரிய உடல் எடுத்தால் அடிச் சுருதி நன்றாக வரும், ஆனால் கை தாங்காது. லயனல் டெர்டிஸ் என்ற ஆங்கிலேய வயோலா கலைஞர் வடிவமைத்த மாடல் 16¾ அங்குலம். 5 அடி 1 அங்குலம் உயரத்துக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். 15 அல்லது 15½. பக்கப் பலகை ஆழமாக, கீழ்ப்பகுதி அகலமாக இருக்கிற 15½, சுமாரான 16½-ஐ எளிதில் தோற்கடிக்கும்.

கடைக்குப் போனால் வெறுமனே தூக்கிப் பார்த்துவிட்டு வரக்கூடாது. தோளில் வைத்து, இடது கையால் சுருள் தலையைப் பிடிக்கச் சொல்லுங்க. முழங்கை நேராக விறைத்து நின்றால் பெரிசு. நன்றாக மடங்கியிருக்க வேண்டும். அடுத்து சி கம்பியில் முதல் விரல், அதே சமயம் ஜி கம்பியில் நான்காம் விரல். இரண்டும் டி, ஒரு ஸ்தாயி இடைவெளி. மணிக்கட்டை வெளியே தள்ளாமல் பத்து வினாடி நிற்க முடிகிறதா என்று பாருங்க. சுண்டு விரல் நடுங்கினால் அரை அங்குலம் குறைத்துக் கேளுங்க.

கம்பிகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சி கம்பியை ஷட்ஜமாக வைத்தால் ஸ, ப, மேல் சதுஸ்ருதி ரிஷபம், மேல் சதுஸ்ருதி தைவதம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஷட்ஜம் எதுவோ அதுவே திறந்த சி கம்பி. ஸ-ப-ஸ-ப என்று சேர்த்துப் பழகிய கைக்கு மேலே இரண்டு கம்பியும் வேறு உலகம்.

வீட்டில் சும்மா கிடக்கிற இரண்டாவது வயலின் இருந்தால், 14 அங்குல வாத்தியத்துக்கென்றே வரும் குட்டை வயோலா கம்பி செட் போட்டு நோட்டேஷன் பழக ஆரம்பிக்கலாம். கச்சேரி வயலினில் கை வைக்காதீங்க. சி கம்பி தடிமன், அதனால் நட்டிலும் (கழுத்து உச்சியில் கம்பி படியும் கட்டை) குதிரையிலும் (உடல் மேல் கம்பியைத் தாங்கும் பலகை) பள்ளத்தை அரம் வைத்து அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்தினதைத் திரும்பச் சுருக்க முடியாது. கம்பி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சி விழுந்துவிடும். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டு வாங்க.

காவேரிப்பட்டணம்_24:

மேலே சொன்ன பழைய வயலின் யோசனையை நான் இரண்டு மாதத்துக்கு மேல் ஒப்ப மாட்டேன். கிளெஃப் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) படிக்க மட்டும்தான் அது ஆகும். 14 அங்குல உடலில் சி கம்பி தொளதொள என்றுதான் இருக்கும். அதில் சத்தம் வரவழைக்க வில்லை வேகமாக இழுக்கப் பழகிவிடுவாள். உண்மையான வயோலாவில் அந்தப் பழக்கம் தலைகீழ். தடித்த கம்பி பேச நேரம் எடுக்கும். வில் மெதுவாக, கையின் எடையோடு, ஆரம்பத்திலேயே கம்பியைக் கவ்விக்கொண்டு போக வேண்டும். ஏ கம்பியில் குதிரைக்கு நெருக்கமாக வாசிக்கிற அதே இடத்தில் சி கம்பியிலும் வில்லை வைத்தால் கீச்சென்று கத்தும். கொஞ்சம் விரல் பலகைப் பக்கம் தள்ள வேண்டும். வலது முழங்கை மேலே, இடது முழங்கை வாத்தியத்துக்கு அடியில் உள்ளே. இதெல்லாம் சரியான அளவு வாத்தியத்தில்தான் கைக்கு வரும். வாடகைக்குக் கிடைத்தால் வாடகைக்கு எடுங்க, அளவு மாற்றுவதும் சுலபம்.

வயோலா வில் சுமார் 70 கிராம், வயலின் வில் 60. முதல் சில மாதம் வயலின் வில்லே போதும். வாங்கும்போது கார்பன் ஃபைபர் பாருங்க. வில் செய்யும் பெர்னாம்புகோ மரம் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தப் பட்டியலில் 2007-ல் சேர்ந்தது. அந்த மர வில்லோடு விமானம் ஏறும் முன் விதிமுறையைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். எதற்கு அந்த வம்பு.

தொப்பூர்_காற்று:

கர்நாடகப் பயிற்சி பற்றிக் கேட்டதற்கு. காது, லயம் இரண்டும் சொத்து. கணக்கு பழகிய பிள்ளைக்கு 7/8, 5/4 என்று வந்தால் கலக்கமே இருக்காது. மேற்கத்திய மாணவர்கள் அங்கேதான் திணறுவார்கள். சுருதிச் சுத்தமும் அப்படித்தான். மாற்ற வேண்டியதை வரிசையாகச் சொல்லவில்லை, கஷ்டம் அதிகமானதில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான்காம் விரல். நம் பாணியில் முதல் இரண்டு விரலே கம்பி நெடுக ஓடிப் பாதி வேலையைப் பார்த்துவிடும். சுண்டு விரலுக்குச் சோம்பல். வயோலாவிலோ விரல்களுக்கு நடுவே இடைவெளியும் அதிகம், கம்பியும் தடிமன். தினமும் பத்து நிமிடம், முதல் விரலை எடுக்காமல் அழுத்தி வைத்துக்கொண்டு நான்காம் விரலை மட்டும் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். வலித்தால் உடனே நிறுத்தணும். இதில் வீரம் காட்டினால் ஆறு மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது பிடி. தரையில் உட்கார்ந்து, சுருள் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசிக்கும்போது இடது கைக்குத் தாங்குகிற பொறுப்பே இல்லை. நின்று வாசிக்கும்போது வாத்தியத்தைத் தோளும் தாடையும் பார்த்துக்கொள்ள, கட்டை விரல் மெல்லத் தாங்கும். பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டை விரலால் கழுத்தை நெரிப்பது. நெரித்தால் பொசிஷன் (கழுத்தில் கை நிற்கும் இடம்) மாற்ற முடியாது, அதிர்வும் வராது. ஷோல்டர் ரெஸ்ட்டின் உயரத்தைக் கழுத்து நீளத்துக்குச் சரிசெய்தால் பாதி நெரிப்பு தானாகவே போகும்.

ஜாரு, கமகம் கைவந்த விரலுக்கு, ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததற்குச் சத்தமில்லாமல் குதிப்பது கஷ்டம். அங்கே அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் இசையை வாசிக்கும்போது ஒவ்வொரு பொசிஷன் மாற்றத்திலும் வழுக்கல் கேட்டால் நடுவர் முகம் மாறும். மாறும் நொடியில் விரல் அழுத்தத்தையும் வில் அழுத்தத்தையும் சேர்த்தே தளர்த்தப் பழக வேண்டும். விரலுக்கு எண்ணெய் தொடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்க. எண்ணெய் கம்பிச் சுற்றுக்குள் இறங்கி ஒலியை மந்தமாக்கும். வில் முடியில் பட்டால் ரோசின் பிடிக்காது.

இப்போது வயோலாவுக்கான ஆல்டோ கிளெஃப். நடுக்கோடு மத்திய சி. வயலின்காரர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு: நோட்டைப் பார்த்து, வயலினில் மூன்றாம் பொசிஷனில் ட்ரெபிள் கிளெஃப் (வயலினுக்கானது) வாசிப்பதாக நினைத்துக்கொண்டு விரலை வயோலாவில் முதல் பொசிஷனில் வை. விரல் எண் அப்படியே ஒத்துப்போகும், முதல் வாரம் மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் வாசிக்கிற ஸ்வரத்தின் பெயர் தெரியாது, ஷார்ப், ஃப்ளாட் குழம்பும், வயோலாவிலேயே மூன்றாம் பொசிஷன் போனதும் மொத்தமாகக் கவிழும். தங்கைக்கு ட்ரெபிள் கிளெஃபே தெரியாது என்பது இங்கே அதிர்ஷ்டம். நேரே ஆல்டோவில் ஆரம்பிக்கட்டும். உச்ச ஸ்வரங்களுக்கு ட்ரெபிள் தேவைப்படும், அதை மூன்றாவது மாதம் சேர்க்கலாம். நோட்டைப் பார்த்து ஸரிகம என்று மாற்றி எழுதிக்கொள்ளக் கூடாது. ஷட்ஜம் இடம் மாறும், நடுக்கோட்டு சி மாறாது. ஸ்வரப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, விரலை வைத்து, வில் இல்லாமல் தினம் பதினைந்து நிமிடம். மூன்று மாதத்தில் கண் பழகிவிடும்.

பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் வாசித்தவர் என்பதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்க. என்னவோ புது வாத்தியம் என்ற முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கும்.

பாலக்கோடு_ரோடு:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. நுழைவுத் தேர்வு, கால அட்டவணை பற்றியும் யாராவது சொல்லுங்க. ஒன்றரை வருடம் போதுமா? பக்கத்தில் ஆசிரியருக்கு எங்கே போவது? வயோலாவுக்கு ஆள் குறைவு, சீட் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே, நிஜமா?

ராயக்கோட்டை_கேட்:

கடைசிக் கேள்வியில் இருந்து வருகிறேன். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமான எண்ணிக்கை முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8. பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவுக்கும் குவார்டெட்டுகளுக்கும் (நால்வர் குழு) வயோலா இல்லாமல் ஓடாது, வயலின் அளவுக்கு விண்ணப்பமும் வராது. அதுவரை நிஜம். ஆனால் வகுப்பே சிறிசு. ஒரு ஆசிரியரிடம் அந்த வருடம் இரண்டு இடம்தான் காலி என்றால் இரண்டே பேர்தான். வயலினில் தேறாதவர்கள் வயோலாவுக்கு வருகிறார்கள் என்ற பழைய கேலியை நம்பி அரைகுறையாகப் போனால் முதல் ஸ்கேலிலேயே தெரிந்துவிடும்.

தேர்வில் கேட்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனாலும் அச்சு ஒன்றுதான். மூன்று ஸ்தாயி ஸ்கேல், ஆர்பெஜியோ (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வாசிப்பது). ஒரு எட்யூட் (பயிற்சிக்கென்றே எழுதின துண்டு), க்ராய்ட்சர் அல்லது கம்பான்யோலி எழுதியது. பாஹின் செல்லோ சூட்டுகளில் இருந்து வேகத்தில் மாறுபட்ட இரண்டு பகுதி. ஒரு கான்செர்ட்டோவின் (ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) முதல் பகுதி. ஸ்டாமிட்ஸ் டி மேஜர் அல்லது ஹொஃப்மைஸ்டர் டி மேஜர் என்றால் எங்கேயும் மறுப்பு இருக்காது. பிரிட்டனில் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்கும் இருக்கும். வால்ட்டன், பார்டோக் கான்செர்ட்டோக்களை இந்த நிலையில் தொட வேண்டாம். கஷ்டமானதைத் தடுமாறி வாசிப்பதைவிட டெலமான் ஜி மேஜரைச் சுத்தமாக வாசித்தவருக்கு மதிப்பு.

இந்தப் பட்டியலை வைத்து ஒன்றரை வருடத்தை எடை போடுங்க. கை தயார் என்றாலும் கிளெஃப், பிடி, வில் மூன்றும் புதுசு. வீடியோ அனுப்புவதோ ப்ளஸ் டூ நடுவிலேயே. பிரிட்டன் கன்சர்வட்டோயர்களுக்கு (இசைக் கல்லூரிகள்) விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் பல பள்ளிகளுக்கு டிசம்பர் 1. அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது ஒரு வருடம்கூட இல்லை. என் தீர்ப்பு: ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடம் இதற்கென்று ஒதுக்குங்க. சென்னையில் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் முழுநேரப் படிப்புகள் உண்டு. குவார்டெட்டில் உட்கார்ந்து வாசிக்கிற அனுபவம் அப்படிப்பட்ட இடத்தில்தான் வரும். தனியாக வீட்டில் பழகியவர்கள் அடிபடுவது அங்கேதான். வயோலா பெரும்பாலும் நடுக்குரல். மெலடி வேறு ஒருவரிடம் இருக்கும்போது தாளத்தையும் சுருதியையும் பிடித்து நிற்பதுதான் வேலை.

படிப்பில் என்ன இருக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு தனி வகுப்பு, ஆர்கெஸ்ட்ரா, சேம்பர் மியூசிக் (சிறு குழு வாசிப்பு), ஹார்மனி (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறை), காதுப் பயிற்சி, இசை வரலாறு, கட்டாய பியானோ. அமெரிக்கப் பள்ளிகளில் மூன்றாம் வருடம் அரை மணி நேர ரெசிட்டல் (தனிக் கச்சேரி), கடைசி வருடம் ஒரு மணி நேரம். கர்நாடகப் பின்னணியில் வருகிறவர்களுக்கு வயோலாவைவிட ஹார்மனிதான் முதல் வருடம் தலைவலி. இன்று முதலே ஒரு சின்ன கீபோர்டில் மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தி, மேஜரா மைனரா என்று கண்ணை மூடிச் சொல்லிப் பழகட்டும்.

கிரேடு தேர்வு கட்டாயம் இல்லை, ஆனால் விண்ணப்பத்தில் எடை கூட்டும். ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டும் பிரிட்டன் இசைத் தேர்வு அமைப்புகள். ஏபிஆர்எஸ்எம் வழியில் போனால் ஆறாம் கிரேடு வாசிப்புக்கு முன்பு ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தேர்வையோ முடிக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டு இல்லை. தியரி எப்படியும் தேவை என்பதால் அதையே முதலில் முடிப்பது நல்லது.

கட்டணத்தில் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைப் பள்ளியில் சேர்ந்த எல்லோருக்கும் டியூஷன் இலவசம், அதனால்தான் சேர்வது மலை ஏறுகிற வேலை. ஜெர்மனியில் அரசு இசைப் பள்ளிகள் மலிவு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. ஜெர்மன் மொழிச் சான்றிதழும் கேட்பார்கள்.

ஆசிரியர்: கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் கிடைப்பது கர்நாடக வயலின். மேற்கத்திய வயோலாவுக்குப் பெங்களூருதான். தர்மபுரியில் இருந்து ஓசூர் வழியாக ரயிலே இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்த வசதியும் இல்லை, பஸ்தான். மாதம் இரண்டு சனிக்கிழமை நேரில், நடுவே ஆன்லைன் என்று வைத்துக்கொள்ளுங்க. ஆன்லைனில் கேமராவை முகத்துக்கு நேராக வைக்காதீங்க. வலது பக்கம் சாய்வாக, வில்லும் குதிரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி. ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் போடாவிட்டால் நீண்ட சி கம்பி ஒலியை அது ஃபேன் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

மாங்காய்_மண்டி:

யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. வாத்தியத்தை ஒட்டியிருப்பது தோல் பசை. வெப்பம் ஏறினால் இளகும். ஏப்ரல், மே மதியத்தில் பூட்டின காருக்குள் பத்து நிமிடம் விட்டாலும் ஆபத்து. பஸ்ஸில் டிக்கியில் போடாதீங்க, மடியில் வைங்க. காற்றில் ஈரப்பதம் 40-60 சதவீதம் இருந்தால் மரத்துக்கு நல்லது. பெட்டிக்குள் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் ஒட்டி வையுங்க. நம்ம ஊர் கோடையில் பிருடை சுருங்கி வழுக்கும், மழைக்காலத்தில் ஊதி இறுகும். வழுக்கினால் கழற்றி, பெக் பேஸ்ட் தடவி, திருகும்போதே உள்ளே தள்ளிக்கொண்டு திருகணும். ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தால் வாசிக்கும்போது ஜிர்ர் என்று இரையும். விரல் முட்டியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனால் விட்ட இடத்தில் சத்தம் மாறும். மரவேலைப் பசையை அதில் ஊற்றிவிடாதீங்க. தோல் பசை விடுவதே மரம் கிழியாமல் இருக்கத்தான்; மற்ற பசை போட்டால் அடுத்த தடவை பலகை கிழியும். வயோலாவுக்குக் கருப்பு, மென்மையான ரோசின் என்று எழுதியிருப்பார்கள். அது குளிர் ஊர்க் கணக்கு. இங்கே கோடையில் பிசுபிசுக்கும், கெட்டியான வெளிர் ரோசின் போதும்.

வீடியோ எடுக்கும்போது ஃபேனை நிறுத்தி, காலை ஆறு மணிக்கு முன். வெறும் சுவர் அறையில் எதிரொலி வரும், பின்னால் இரண்டு போர்வை தொங்கவிடுங்க. மைக் இரண்டு மீட்டர் தள்ளி. போனின் தானியங்கி ஒலிச் சரிசெய்தல் ஓடினால் மெல்லியதும் உரத்ததும் ஒன்றாகிவிடும், அணைத்துவிடுங்க. ஒரு பகுதியை ஒரே டேக்கில் எடுக்கணும், வெட்டி ஒட்டினது தெரிந்தால் தள்ளிவிடுவார்கள்.

பாலக்கோடு_ரோடு:

கடைக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே கை அளவைச் சோதிக்க வழி இருக்கிறதா?

ஓசூர்_ஆல்டோ:

இருக்கு. முதல் பொசிஷனில் முதல் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே உள்ள தூரம் வயலினில் சுமார் 74 மில்லிமீட்டர். 15 அங்குல வயோலாவில் 79, 15½-ல் 81, 16-ல் 83 வரும். கம்பி நீளத்தை (நட்டில் இருந்து குதிரை வரை) பொறுத்து ஒன்றிரண்டு மாறும். ஒரு மர ஸ்கேலில் இந்தக் கோடுகளைப் போட்டு, ஸ்கேலை வாத்தியக் கழுத்து மாதிரி பிடித்து, முதல் விரலை பூஜ்யத்தில் வைத்து, கை வாகு மாறாமல் நான்காம் விரல் எங்கே வலிக்காமல் விழுகிறது என்று பாருங்க.

பாலக்கோடு_ரோடு:

பார்த்தாச்சு. 80 வரை சும்மா போகிறது. 83-க்கு மணிக்கட்டு வெளியே தள்ளுகிறது.

ஓசூர்_ஆல்டோ:

அப்படியென்றால் 15. கடையில் 15½ ஒன்றையும் எடுத்துப் பார்க்கட்டும், கம்பி நீளம் 355 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மட்டும். டேப்பை நீங்களே கொண்டு போங்க.